சோறிட்டவர் யார்?

தெர்மாபிலேப் போரைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். ஆண்டு கி.மு. 480. கிரேக்கத்தை விழுங்க வந்த பாரசீகப் பெரும்படை ஒருபுறம். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த சிறு வழியை மறித்து நின்ற லியோனிடஸ் மன்னனும், அவனுடன் வந்த முந்நூறு ஸ்பார்ட்டா வீரரும் மறுபுறம். படைக்கலம் முறிந்த பின்னும் பணிய மறுத்துப் போரிட்டு, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மடிந்த கதையைச் சொல்லி முடித்தேன். மாணவர் கண்களில் ஒளி. வீரக்கதை கேட்டால் இளம் உள்ளம் விம்மத்தானே செய்யும்!

அப்போது கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "ஐயா, ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏழு வயது முதல் போர்ப் பயிற்சி தவிர வேறு வேலையே செய்யமாட்டார்கள் என்று சொன்னீர்கள். அப்படியானால் அவர்களுக்குச் சோறு போட்டது யார்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை. பாடநூல் கேட்காத கேள்வியைப் பையன் கேட்டுவிட்டான்! வீரம் பேசுகிற ஏடுகள் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வாள் யாருடையது என்று எழுதுகின்றன. வயல் யாருடையது, வியர்வை யாருடையது என்று எழுதுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் விளக்காக ஏந்திக்கொண்டு, கல்லூரி நாட்களில் நான் வியந்து படித்த ஒரு நூலை மீண்டும் படித்தேன். புளூடார்க் எழுதிய லைகர்கஸ் வாழ்க்கை வரலாறு அது. ஸ்பார்ட்டாவைப் பற்றி உலகம் இன்றளவும் பேசும் கதைகளில் பெரும்பாலானவற்றை உலகுக்கு வழங்கியது அந்நூல்தான். அதை இன்று படிப்போர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நூலும் நூலாசிரியரும்

புளூடார்க், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் பிறந்து, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். பியோஷியா நாட்டுக் கெரோனியா அவர் பிறந்த ஊர். கிரேக்கம் தன் உரிமையை இழந்து, ரோமப் பேரரசின் காலடியில் கிடந்த காலம் அது. வாளை இழந்த கிரேக்கன், தன் பழம்பெருமையையேனும் ரோமனுக்குக் காட்ட விரும்பினான். கிரேக்கத் தலைவர் ஒருவர், ரோமத் தலைவர் ஒருவர் என இணை இணையாக நிறுத்தி, புளூடார்க் வரலாறுகள் எழுதினார். ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் தந்தவன் எனப்படும் லைகர்கசுக்கு இணையாக, ரோமின் பழைய மன்னன் நூமாவை நிறுத்தினார்.

நடை இனியது. கதை சொல்லும் திறன் பெரியது. ஒரு சிறு செயலால் ஒரு மனிதனின் உள்ளத்தைத் திறந்து காட்டிவிடுவார். திருடிய நரிக்குட்டியை ஆடைக்குள் மறைத்து, அது குடலைக் கிழித்தபோதும் வாய் திறவாமல் இறந்த சிறுவனின் கதையை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். இவ்வளவு ஆற்றல் படைத்த எழுத்து என்பதால்தான் அதை விழிப்புடன் படிக்க வேண்டியிருக்கிறது. தேனில் குழைத்துத் தருவது மருந்தா நஞ்சா என்று பார்த்துத்தானே விழுங்க வேண்டும்!

நூலின் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை அவர் ஒப்புக்கொள்கிறார். லைகர்கசின் பிறப்பு, பயணம், இறப்பு, சட்டம் ஆகிய எதைப்பற்றியும் மறுப்புக்கு இடமின்றிச் சொல்ல இயலாது என்பதே அது. லைகர்கஸ் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் புளூடார்க்குக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகளாவது இருக்கும். இன்று எஞ்சியுள்ள நூல்களில் அவன் பெயரை முதன்முதலில் சொல்பவர், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெரோடோட்டஸ். அப்படி ஒருவன் வாழ்ந்தானா என்றே ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். ஐயத்தோடு தொடங்கிய புளூடார்க்கோ அடுத்த பக்கங்களில் ஐயத்தை மறந்துவிடுகிறார். ஆளைக் காணோம், ஆனால் சிலை எழும்புகிறது!

தானியக் குவியல்கள்

அந்தச் சிலையின் நெற்றியில் புளூடார்க் பொறிக்கும் சொல் சமத்துவம். ஏழை, செல்வர் என்ற வேற்றுமையை ஒழிக்க எண்ணிய லைகர்கஸ், நிலத்தை எல்லாம் ஒன்றாக்கி, ஸ்பார்ட்டா நகரக் குடிமக்களுக்கு 9,000 பங்குகளும், சுற்றியிருந்த ஊர்களில் வாழ்ந்த பெரியாய்க்கர் என்னும் மக்களுக்கு 30,000 பங்குகளும் பிரித்துக் கொடுத்தானாம். பொன்னும் வெள்ளியும் செல்லாதென்று சொல்லி, இரும்பையே நாணயமாக்கினானாம். ஆடவர் அனைவரும் பொது உணவுக்கூடத்தில் ஒரே உணவை உண்ணச் செய்தானாம். மன்னனுக்கும் விலக்கில்லை.

கேட்கவே இனிக்கிறது. பட்டுமெத்தைக்காரனையும் பாய்விரிப்பவனையும் ஒரே பலகையில் உட்கார வைத்த செய்தி, சீர்திருத்தம் விரும்பும் எவருக்கும் இனிக்கத்தான் செய்யும். எனக்கும் கல்லூரி நாட்களில் இனித்தது.

இங்கே புளூடார்க் ஒரு காட்சி தீட்டுகிறார். வெளியூர் சென்று திரும்பும் லைகர்கஸ், அறுவடை முடிந்த வயல்களின் வழியே வருகிறான். களந்தோறும் தானியக் குவியல்கள். எல்லாம் ஒரே அளவு. அதைக் கண்டு முறுவலித்த அவன், நாடு முழுவதும் உடன்பிறந்தார் பலர் அண்மையில் பங்கிட்டுக்கொண்ட குடும்பச் சொத்துப்போல் தோன்றுகிறதென்று அருகிலிருந்தவர்களிடம் மகிழ்ந்து கூறுகிறான்.

அழகான காட்சி. ஆனால் அந்த வயலில் அறுவடை செய்தவர் எங்கே? குவியல் இருக்கிறது, குவித்த கை இல்லை. களம் இருக்கிறது, களத்துமேட்டில் நின்ற ஆள் இல்லை. தானியம் தானே அறுந்து, தானே அடிபட்டு, தானே குவிந்ததுபோல் நிற்கிறது! உடன்பிறந்தார் பங்கு என்கிறான் லைகர்கஸ். கதிர் அறுத்தவன் அந்த உடன்பிறந்தாருள் ஒருவனா? இல்லை. அவன் அந்தப் பங்கோடு சேர்ந்த உடைமை. ஏர், எருது, ஆள் என்ற வரிசையில் அவன் நிற்கிறான்.

அவனுக்குப் பெயர் ஹெலட். என் மாணவன் தேடிய ஆள் இவன்தான்.

ஹெலட்டுகள்

ஸ்பார்ட்டா, கிரேக்கத்தின் தென்பகுதியில் யூரோட்டஸ் ஆற்றங்கரையில் இருந்தது. அதற்கு மேற்கே டேகெட்டஸ் மலைத்தொடர். மலைக்கு அப்பால், வளம் கொழித்த மெஸ்ஸீனியா சமவெளி. கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளில் நடந்த போர்களில் அதைக் கைப்பற்றிய ஸ்பார்ட்டா, அந்த நாட்டு உழவரை அவர்கள் உழுத மண்ணிலேயே அடிமைகளாக்கிற்று. லக்கோனியாவிலும் அவ்வாறே ஒரு கூட்டம் அடிமைப்பட்டுக் கிடந்தது. தோற்ற மெஸ்ஸீனியர் விளைச்சலில் பாதியை ஆண்டைக்குச் சுமந்து கொடுத்தனர் என்பதை, ஸ்பார்ட்டாவின் போர்ப்பாடகன் டிர்ட்டீயசே பதிவுசெய்திருக்கிறான். பொதுக்கூடத்து உணவுக்கு ஒவ்வொரு குடிமகனும் மாதந்தோறும் செலுத்திய வாற்கோதுமை மாவும், மதுவும், பாலாடைக்கட்டியும், அத்திப்பழமும் அந்த உழைப்பிலிருந்து வந்தவை.

இவர்கள் தொலைநாட்டிலிருந்து சந்தையில் வாங்கிவந்த அடிமைகளல்லர். அவர்களும் கிரேக்கர். பேசியது கிரேக்கம். வணங்கியது கிரேக்கக் கடவுளரை. ஆனால் தாய் ஹெலட் என்றால் சேய் ஹெலட்; அப்பன் சுமந்த மூட்டையை மகனும் சுமக்க வேண்டும். பிறப்பின் பேரால் ஒரு கூட்டத்துக்கு வாளும், ஒரு கூட்டத்துக்கு ஏரும் விதித்த ஏற்பாடு எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எத்தனை பேர்? கி.மு. 479-இல் நடந்த பிளாட்டீயாப் போருக்கு ஸ்பார்ட்டா நகரினர் 5,000 பேர் சென்றனர் என்றும், ஒருவருக்கு எழுவராக 35,000 ஹெலட்டுகள் உடன் சென்றனர் என்றும் ஹெரோடோட்டஸ் கணக்குத் தருகிறார். தெர்மாபிலேயில் மாண்டு கிடந்தவருள்ளும் ஹெலட்டுகள் இருந்தனர் என்பது அவர் நூலிலேயே தெரிகிறது. கடைசிவரை நின்று மடிந்த தெஸ்பியா நகரத்தார் எழுநூறு பேரையே உலகம் மறந்துவிட்டது. மூட்டை சுமந்து வந்து மாண்ட அடிமையையா நினைக்கும்? முந்நூறு என்ற எண் மட்டும் நிலைத்தது. புகழுக்கும் அங்கே பிறப்புரிமை இருந்தது!

சாட்டையின் நியாயம்

இனி நூலின் 28-ஆம் பகுதிக்கு வருவோம். அந்நூலின் நெஞ்சைத் திறந்து காட்டும் இடம் அது.

கிரிப்டியா என்றொரு வழக்கத்தைப் புளூடார்க் அங்கே விவரிக்கிறார். இளைஞருள் கூர்மையானவர்களைத் தேர்ந்தெடுத்து, குறுவாளும் சிறிது உணவும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்புவர். அவர்கள் பகலில் பதுங்கியிருப்பர். இரவில் வழியில் அகப்படும் ஹெலட்டுகளைக் கொல்வர். சில வேளைகளில் வயலுக்கே சென்று, உடல் வலிவும் உள்ள வலிவும் மிக்கவர்களைப் பார்த்து வெட்டி வீழ்த்துவர். உழவருள் தலை நிமிர்ந்தவன் எவனோ, அவன் தலை முதலில் உருளும்!

இதற்குச் சமயமும் துணை நின்றது. ஆண்டுக்கு ஐவராகத் தேர்ந்தெடுக்கப்படும் எபோர் என்னும் ஆட்சியாளர், பதவியேற்றவுடன் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பர் என்று அரிஸ்டாட்டிலை மேற்கோள் காட்டிப் புளூடார்க் எழுதுகிறார். ஏன் அந்த அறிவிப்பு? கொல்பவனுக்குக் கொலைப்பாவம் ஒட்டாதிருக்க வேண்டுமாம்! குற்றத்தைத் தடுக்கவில்லை, குற்றத்தின் கறை கையில் படாதபடி ஒரு சடங்கைக் கண்டுபிடித்தார்கள். தன் வீட்டுக்குச் சோறளக்கும் மனிதன்மீது ஆண்டுதோறும் போர் தொடுத்த அரசு இது.

இன்னும் கேளுங்கள். ஹெலட்டுகளுக்குத் தண்ணீர் கலவாத மதுவைக் கட்டாயமாகப் புகட்டி, தள்ளாடும் அவர்களைப் பொது உணவுக்கூடத்துக்கு இழுத்து வந்து, குடியின் கேட்டைப் பாரீர் என்று இளைஞருக்குப் பாடம் நடத்துவர். இழிந்த பாடல்களைப் பாடச் செய்வர். இழிந்த கூத்துகளை ஆடச் செய்வர். ஒருவனைத் தாழ்த்திவிட்டு, தாழ்ந்து கிடக்கிறான் பார் என்று காட்டுவது உலகெங்கும் ஆதிக்கக்காரர் கையாளும் பழைய தந்திரமல்லவா? பிரீன் நகரத்து மைரன் என்ற எழுத்தாளர் இன்னொரு செய்தியும் தருகிறார். ஹெலட்டுகள் நாய்த்தோல் குல்லாய் அணிய வேண்டும். குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆண்டுதோறும் குறித்த அளவு அடி வாங்க வேண்டும். தாம் அடிமைகள் என்பது மறந்துவிடக் கூடாதாம்!

வரலாற்றறிஞர் தூசிடைடிஸ் எழுதிய நிகழ்ச்சி ஒன்றையும் புளூடார்க் அங்கே குறிப்பிடுகிறார். போரில் சிறந்த தொண்டாற்றியவர்கள் தம்மைத் தாமே தெரிந்தெடுத்துக் கூறட்டும், விடுதலை அளிப்போம் என்று ஸ்பார்ட்டா ஹெலட்டுகளுக்கு அறிவித்தது. ஏறத்தாழ 2,000 பேர் முன்வந்தனர். தலையில் மாலை சூட்டினர். அவர்கள் கோயில் கோயிலாக வலம் வந்தனர். விடுதலை கிடைத்ததென்று மகிழ்ந்தனர். சிறிது காலத்தில் அந்த 2,000 பேரையும் காணோம்! யார் எப்படி மாண்டார் என்பதை எவரும் அறியார். விடுதலைக்கு முதலில் கை தூக்குபவனே நாளை கலகத்துக்கும் முதலில் கை தூக்குவான் என்பது ஆண்டைகளின் கணக்கு. அந்த மாலை விடுதலைக்குச் சூட்டிய மாலையன்று. பலியாட்டின் கழுத்து மாலை.

இவ்வளவையும் எழுதிய புளூடார்க் என்ன தீர்ப்பளிக்கிறார்? இங்கேதான் திறனாய்வாளன் நின்று பார்க்க வேண்டும். கிரிப்டியா போன்ற கொடுமையை லைகர்கஸ் ஏற்படுத்தியிருக்கமாட்டான் என்கிறார். கி.மு. 464-இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தைப் பயன்படுத்தி ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்தார்களே, அதற்குப் பிறகு தோன்றியிருக்கலாம் என்கிறார். சான்று? லைகர்கசின் மென்மையும் நேர்மையும்தான் சான்று! அந்த மென்மைக்குச் சான்று? புளூடார்க் முன்பக்கங்களில் எழுதிய கதைகள்! வளையத்தின் முனை எங்கே என்று தேடுவதுபோல் இருக்கிறது இவ்வாதம்.

புளூடார்க் உண்மையை மறைத்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. மறைக்காமல் எழுதிய நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்; அவர் எழுதியிராவிட்டால் நமக்குத் தெரிந்திருப்பது இன்னும் குறைவு. என் குறை வேறு. அடிமையின் குருதியை அவர் சிலையின்மேல் தெறித்த கறையாகப் பார்க்கிறார். துடைத்தால் போய்விடும் என்று நம்புகிறார். அந்தச் சிலையே அக்குருதியில் குழைத்த மண்ணால் செய்யப்பட்டது என்பதை அவர் காணவில்லை. சமத்துவத்தைப் பல பகுதிகளில் பாடிவிட்டு, அடிமையை இறுதியில் ஒரு பகுதிக்குள் அடக்கிவிட்டார். அடிமை இல்லாவிட்டால் அந்தச் சமத்துவம் ஒருநாள் நிலைத்திருக்குமா? உழைக்கும் நேரத்தை எல்லாம் இன்னொருவன் கொடுத்ததால்தானே அவர்கள் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே கூழை உண்ண முடிந்தது?

இதற்கும் அவர் நூலிலேயே சான்றுண்டு. ஏதென்சு நகருக்குச் சென்ற ஸ்பார்ட்டாக்காரன் ஒருவன், சோம்பியிருந்த குற்றத்துக்காக ஒருவனுக்குத் தண்டம் விதித்த செய்தியைக் கேட்டானாம். உரிமை மகனாக வாழ்ந்ததற்குத் தண்டனை பெற்ற அந்த மனிதனை எனக்குக் காட்டுங்கள் என்றானாம். உழைக்காதிருப்பதே உரிமை, உழைப்பது இழிவு! அந்த மனப்பான்மையைப் புளூடார்க் பெருமையாகவே எழுதுகிறார். நமக்கு அது பெருமையாகப் படவில்லை.

கடவுள் தந்த சட்டம்

லைகர்கஸ் தன் சட்டத்துக்கு டெல்பி நகரத்து அப்பொல்லோ கோயிலின் அருள்வாக்கைப் பெற்றான் என்பது கதை. பிறகு, தான் திரும்பி வரும்வரை சட்டத்தை மாற்றுவதில்லை என்று மக்களிடம் ஆணை வாங்கிக்கொண்டு மீண்டும் டெல்பிக்குப் போனான். அங்கிருந்து திரும்பாமல், உண்ணாதிருந்து உயிர் விட்டான். திரும்பி வராதவனுக்குக் கொடுத்த ஆணை எப்போது தீரும்? ஒருபோதும் தீராது! செத்தவன் கை, வாழ்பவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லும் புளூடார்க், அதே டெல்பிக் கோயிலில் பூசாரியாகப் பணியாற்றியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. கோயில் தந்த சட்டத்தைக் கோயில் பூசாரி புகழ்வதில் வியப்பென்ன?

மாற்றக் கூடாத சட்டம் என்ன செய்தது? அச்சத்தில் வாழும் அரசுக்குக் கலை எதற்கு, கவிதை எதற்கு? கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அல்க்மன் என்ற இனிய பாவலன் பாடிய ஊர் அது. கன்னியர் குழுவாகப் பாடி ஆடப் பாடல் இயற்றியவன் அவன். ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா கோயில் இடத்தில் 1906 முதல் 1910 வரை ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் தோண்டியபோது, ஈயத்தில் வார்த்த சிற்றுருவங்கள் இலட்சத்துக்கு மேல் கிடைத்தன. தந்தத்தில் இழைத்த அழகிய சிற்பங்களும் கிடைத்தன. கலைக்கண் இல்லாத மக்களல்லர் அவர்கள். ஆனால் காலப்போக்கில் பாவலர் பிறப்பது நின்றது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சு நாடகமும் தத்துவமும் படைத்தபோது, ஸ்பார்ட்டா தன் அடிமையின் வாயிலைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. சிறை காப்பவனும் சிறையில்தானே இருக்கிறான்!

அதே ஆர்த்தியா கோயிலின் பீடத்தில் சிறுவர்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்கு நடந்துவந்தது. அடியில் இளைஞர் பலர் இறந்ததைத் தாமே கண்டதாகப் புளூடார்க் எழுதுகிறார். ரோமர் காலத்தில் அது வேடிக்கைப் பொருளாயிற்று. அதைக் காண வருவோர் அமர்வதற்காக, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே அரங்கமே கட்டினர். கண்மூடிக் காத்த வழக்கம் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது: காசு கொடுப்பவன் காண, கடவுள் பேரால் குழந்தைக்குக் கசையடி!

ஆட்கணக்கும் அதே கதையைச் சொல்கிறது. கி.மு. 480-இல் ஸ்பார்ட்டாவில் 8,000 ஆடவர் இருந்தனர் என்பது ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதும்போது ஆயிரத்துக்கும் குறைவு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் எழுநூற்றுக்கு மேலில்லை; அவர்களிலும் நிலமுடையவர் நூறு பேரளவே என்று புளூடார்க்கே வேறொரு நூலில் எழுதுகிறார். பொதுக்கூடத்துக்கு உணவுப்பங்கு செலுத்த முடியாதவன் குடியுரிமையை இழந்தான். நிலம் சிலர் கையில் குவிந்தது. ஒரே அளவான தானியக் குவியல்கள் கதையில் மட்டுமே மிஞ்சின. சிறு கூட்டத்துக்குள் சமத்துவம் என்று தொடங்கியது, கூட்டமும் சிறுத்து, சமத்துவமும் செத்தது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். ஸ்பார்ட்டா நகரப் பெண், ஏதென்சுப் பெண்ணைப்போல் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்படவில்லை. ஓட்டமும் மற்போரும் பயின்றாள். நிலம் வைத்திருந்தாள், நாட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையிலிருந்தது என்று அரிஸ்டாட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார். சினிஸ்கா என்ற அரசகுலப் பெண்ணின் தேர்க்குதிரைகள் கி.மு. 396-லும் 392-லும் ஒலிம்பியாவில் வென்றன. இதைப் பாராட்டுவோம். ஆனால் நெசவு வேலைக்கு அடிமைப் பெண்கள் போதும் என்பதே அந்த விடுதலையின் அடிப்படை என்று செனபோன் எழுதுகிறாரே, அதையும் சேர்த்துப் படிப்போம். ஒருத்தி ஓடுகளத்தில் ஓட, இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்துத் தறியில் குனிந்திருந்தாள்.

புகழ்ந்தவர் வரிசை

பழங்கதைதானே, போகட்டும் என்று விட முடியவில்லை. புத்தகம் சும்மா இருப்பதில்லை. 1750-இல் ரூசோ தம் முதற் கட்டுரையில் ஏதென்சின் கலையைத் தாழ்த்தி, ஸ்பார்ட்டாவின் எளிமையை உயர்த்தினார். ஏழைக்காக நெஞ்சு துடித்த அந்த மேதைக்கும் ஹெலட் முதலில் கண்ணில் படவில்லை. அவர் ஏமாந்தார், இன்னொருவன் ஏமாறவில்லை. 1928-இல் எழுதி, அவன் இறந்தபின் 1961-இல் வெளியான நூலில், இனவெறி அரசுக்கு முதல் எடுத்துக்காட்டு ஸ்பார்ட்டாவே என்று இட்லர் பாராட்டினான். சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை அடக்கியாண்டதே அவனை மயக்கிய சிறப்பு! 1943 ஜனவரி 30-ஆம் நாள், ஸ்டாலின்கிராடில் பட்டினியாலும் குளிராலும் மடிந்துகொண்டிருந்த ஜெர்மன் வீரருக்குத் தெர்மாபிலேயை நினைவூட்டிப் பேசினான் கோரிங். 2007-இல் திரையரங்குகளுக்கு வந்த '300' என்ற படத்தில் உரிமை முழக்கம் காதைப் பிளக்கும்; ஹெலட்டை மட்டும் விளக்கு வைத்துத் தேடினாலும் காணமுடியாது.

அக்காலம் அப்படி, அன்று எல்லா நகரங்களிலும் அடிமைகள் இருந்தனர் என்று சிலர் வாதிடக்கூடும். இருந்தனர், மறுக்கவில்லை. ஏதென்சின் லாரியம் வெள்ளிச் சுரங்க இருளில் அடிமைகள் வெந்து கிடந்தனர். அரிஸ்டாட்டிலே, சிலர் இயற்கையில் அடிமைகள் என்று எழுதி வைத்தார். ஆனால் அக்காலத்துக்கு ஒரே குரல்தான் இருந்ததா? இல்லை!

கி.மு. 371-இல் லூக்ட்ரா போர்க்களத்தில், தீப்சு நகரின் எபாமினோண்டஸ் ஸ்பார்ட்டாவின் வீரப்புகழைத் தூளாக்கினான். அங்கிருந்த ஸ்பார்ட்டா நகரினர் எழுநூறு பேரில் நானூறு பேர் மாண்டனர். அடுத்த ஆண்டுப் பனிக்காலத்தில் அவன் லக்கோனியாவுக்குள்ளேயே நுழைந்தான், மெஸ்ஸீனியரை விடுவித்தான். கி.மு. 369-இல் இதோமி மலையடியில் மெஸ்ஸீன் என்ற நகரம் எழுந்தது. ஸ்பார்ட்டா குமுறியது, எங்கள் அடிமைகளுக்கு நாடா என்று கேட்டது. அப்போது அல்சிடமஸ் என்ற சொற்பொழிவாளன் மெஸ்ஸீனியருக்காகப் பேசினான். கடவுள் அனைவரையும் உரிமையோடு விட்டிருக்க, இயற்கை எவரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்பது அவன் வாதம். அரிஸ்டாட்டில் வாழ்ந்த அதே நூற்றாண்டில், அதே மொழியில் எழுந்த குரல் அது. காலத்தின்மேல் பழி போட்டுத் தப்புவோர், அந்தக் காலத்திலேயே வாழ்ந்த அல்சிடமசுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அந்தச் சொற்பொழிவு முழுவதையும் படிக்க ஆசைப்பட்டேன். படிக்க முடியாது. அது அழிந்துவிட்டது, பிற்கால உரையாசிரியர் ஒருவர் போகிற போக்கில் குறித்து வைத்ததால் அந்த வாக்கியம் பிழைத்திருக்கிறது. எபாமினோண்டசின் வாழ்க்கையையும் புளூடார்க் எழுதினார். தன் நாட்டு வீரனாயிற்றே! அந்நூலும் இன்று இல்லை. அடிமையை விடுவித்தவன் வரலாறு அழிந்தது. அடிமைமேல் எழுந்த அரசைப் புகழ்ந்த வரலாறு முழுதாக நிற்கிறது. இதற்குப் புளூடார்க்கைக் குறை கூற முடியாது. படியெடுத்துப் படியெடுத்து ஏடுகளைக் காத்தவர்களின் கை எதைக் காத்தது, எதை நழுவவிட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஏடு நழுவவிட்டதைக் கல் காத்தது. ஸ்பார்ட்டா பாழடைந்தால், எஞ்சிய கட்டடங்களைப் பார்க்கும் பிற்காலத்தார் அதன் வலிமையை நம்பமாட்டார்கள் என்று தூசிடைடிஸ் முன்னரே எழுதினார். அப்படியே ஆயிற்று, அங்கே காணக் கிடைப்பவை சிலவே. டேகெட்டஸ் மலைக்கு அப்பாலோ, விடுதலை பெற்ற மெஸ்ஸீனியர் கட்டிய நகரின் கல்மதில் இன்றும் நீண்டு நிற்கிறது. மூட்டை சுமந்த முதுகு நிமிர்ந்தபோது எழுப்பிய மதில் அது!

புளூடார்க்கை எரிக்கச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். தானியக் குவியலைக் காணும்போது குவித்த கையைத் தேடிப் படியுங்கள். ஒரே பலகையில் அமர்ந்தோரைக் காணும்போது பலகைக்கு வெளியே நின்றவனைத் தேடிப் படியுங்கள். சமத்துவம் என்ற சொல் எங்கே ஒலித்தாலும், யாருக்குள் சமத்துவம் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுவனை எழுப்பி, "உன் கேள்விக்கு விடை ஹெலட்" என்றேன். கரும்பலகையில் முந்நூறு என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதினேன். பாடநூலில் அச்சொல் இல்லை. மாணவர்கள் தங்கள் கையால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள்.